வாசலருகே ஒரு வரிசை

இசைவாணி கணிதத்தில் எம்.எஸ்சி., அதன்மேல் பி.எட். அதெல்லாம் பெரிய வகுப்புகளுக்குத்தானாம், சின்னப் பிள்ளைகளுக்குச் செல்லாதாம். அதனால் இருபத்தாறு வயதில், பிளஸ் டூ முடித்த பெண்களோடு உட்கார்ந்து மறுபடியும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தாள்.

கற்பித்தல் பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பில் புளியங்கொட்டைகளை வைத்துக் கழித்தல் சொல்லிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் தொம்மென்று ஒரு வெடிச்சத்தம். ஜன்னல் அதிர்ந்தது.

ஒரு பிள்ளையும் அலறவில்லை. எல்லோரும் தலையைச் சாய்த்து, சத்தம் எந்தத் திசை என்று கவனித்தார்கள். பிறகு நான்கு பேர் மட்டும் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, வாசலருகே வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்குச் சத்தம் வந்த கிழக்குப் பக்கப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை. மற்ற பிள்ளைகள் கொட்டைகளை எண்ணத் தொடங்கினார்கள்.

“யாரு உங்கள இங்கன வந்து நிக்கச் சொன்னது?” என்றாள் இசைவாணி.

“யாரும் சொல்லல டீச்சர்.” வரிசையின் கடைசியில் நின்ற ஓவியா திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்க அம்மா எந்தக் கம்பெனி டீச்சர்?”

அப்போதுதான் இசைவாணி கவனித்தாள். கைப்பை அவள் தோளில் தொங்கியது. ஓவியாவுக்குப் பின்னால், ஐந்தாவது ஆளாக அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கிழக்குப் பக்கம் வேலைக்குப் போன அவள் அம்மா, இப்படி ஒரு சத்தத்தில் போய் ஒன்பது வருடமாகிறது.