ரோசேரும் திறக்காத பிக்கப்பும்

என் வீட்டுக்காரர் ரோசேருக்கு ஊரில் பலரோடு சண்டை உண்டு. ஆனால் துருவோடு இருப்பது மட்டும் பரம்பரைப் பகை. எங்கள் பக்கம், மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், பனி விழ ஆரம்பித்ததும் அது உருகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு வண்டியைத் தின்றுவிடும். முதலில் கதவோரம் ஒரு கொப்புளம் கிளம்பும். அதை விரலால் தட்டினால் விரல் உள்ளே போகும். அந்தக் கட்டத்தில் புத்தியுள்ளவர்கள் வண்டியை விற்றுவிடுவார்கள். இவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார்.

படுத்து என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலையில் எந்த இயந்திரம் நின்றாலும் இவரைத்தான் தேடுவார்களாம். அப்படி அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கைவரிசையை பின்னால் சரக்குத் தட்டு வைத்த எங்கள் பழைய பிக்கப்பில் காட்டினார். ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே நுரையை அடித்து, அதற்கு மேல் கூரைத் தாரைப் பூசி, தார் காய்வதற்குள் உருளைக்கிழங்கு வயல் பாதையில் புழுதி பறக்க ஓட்டிவிட்டு வருவார். புழுதி ஒட்டிக்கொண்டால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாதாம்.

பார்ப்பவர் என் அண்ணன் எர்வே. வருடா வருடம் வண்டியைப் பரிசோதித்து, ஓட்டத் தகுந்தது என்று முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டும் பட்டறை அவருடையது. சொந்தக்காரன் வண்டி என்றால் அண்ணன் சுத்தியலால் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டுவார். போன வருடம் அவர் திருப்புளியால் குத்தியதும் புழுதி, தார், நுரை எல்லாம் கழன்று விழுந்தன. உள்ளே இருந்த செய்தித்தாளை உருவி, அதிலிருந்த மரண அறிவிப்பைப் பட்டறையில் இருந்தவர்களுக்கெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"ஏன் மாப்ளே, இவருக்கு அடக்கம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சே. இன்னும் உன் வண்டியிலயா படுத்திருக்கார்?"

ரோசேர் ஒரு தகரத்தை ஆணியடித்து எப்படியோ அந்த வருடத்தை ஓட்டினார். அதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. பனிக்காலத்தில் எங்கள் மகள் ஜோஸ்லின் வந்திருந்தாள். தெற்கே லூயிஸ்டனில் நர்ஸாக இருக்கிறாள். மூன்று பேரும் மாதா கோவிலுக்குப் போனோம். கோவில் வாசலில் ரோசேர் பிரேக்கை அழுத்தினார், வண்டி நின்றது, கால் மட்டும் நிற்கவில்லை. துருப்பிடித்த தரையைப் பொத்துக்கொண்டு அவருடைய பூட்ஸ் வெளியே பனியில் போய் ஊன்றியது.

ஜோஸ்லின் சிரிக்கவில்லை. போகும்போது அப்பாவிடம் பந்தயம் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த பனிக்கு முன்னால் இந்த வண்டி ஏமாற்று வேலை இல்லாமல் ஸ்டிக்கர் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு லூயிஸ்டனுக்கு வந்துவிட வேண்டும். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீடு பெரிய சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. பிக்கப்பின் முன்னால் பனியை ஒதுக்கும் தகட்டை மாட்டித் தள்ளினால்தான் வழி பிறக்கும். என் சின்னக் கார் அந்தப் பனியில் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு கிடக்கும். ரோசேர் வாய்க்கொழுப்பில் சரி என்று கையடித்துவிட்டார். எனக்கு லூயிஸ்டனுக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கோடை முழுக்க மனிதர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். உருளைக்கிழங்கு அறுவடை முடிந்து இலை உதிரும்போதுதான் ஞானம் வந்தது. ஒரு காலை நான் வாசலுக்கு வந்தால், என் ஜெரேனியம் செடிகள் வேரோடு புல்லில் கிடக்கின்றன. அவை இருந்த தொட்டியைக் காணோம். வீட்டுச் சூடேற்றியின் பழைய எண்ணெய்த் தொட்டியைப் பாதியாக வெட்டி எனக்காகப் பூந்தொட்டி செய்து கொடுத்தவரே இவர்தான்.

"இந்தா மனுசா, என் தொட்டி எங்க?"

"அது தொட்டியில்ல லூசில். நல்ல கனமான தகடு. வளைவைப் பாத்தியா? கதவுக்கு அடியில வைக்குறதுக்குன்னே வளைச்சு விட்ட மாதிரி இருக்கு."

"என் பூவு?"

"பூவு எங்க வேணும்னாலும் பூக்கும். தகடு பூக்குமா?"

இப்படிப் பேசுகிறவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? நடத்தினேன். கையில் ஒரு பூவாளியையும் கொடுத்துவிட்டார். வெல்டிங் செய்யும்போது பொறி பறந்து இருக்கையில் பிடித்தால் அணைப்பது என் பொறுப்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான தகடுதான் முதலில் மக்கும், வண்டி நிமிர்ந்து நிற்பதும் அதனால்தான். அதை அவர் அறுத்து எடுத்தபோது உள்ளேயிருந்து எலிக்கூடும் என் காணாமல் போன கையுறை ஒன்றும் வந்தன. அட்டையை வெட்டி அளவு பார்த்து, அதை என் பூந்தொட்டிமேல் வைத்துக் கோடு போட்டு, இரும்பை வெட்டும் கிரைண்டரால் அறுத்தார். வேலை சுத்தமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒரே ஒரு முறை, பொறி எதுவும் விழாமலே, அவர் முதுகில் தண்ணீரை ஊற்றினேன். ஜெரேனியத்துக்காக.

அவர் செய்த தப்பு வேறு இடத்தில் இருந்தது. இரண்டு கதவுகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு பக்கக் கீழ்த்தகட்டையும் ஒரே மூச்சில் அறுத்தார்.

"ஒரு பக்கம் முடிச்சிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனா என்ன?" என்று கேட்டேன்.

"உனக்குப் பூவாளி பிடிக்கத்தான் தெரியும். கிரைண்டர் கையில இருக்கும்போதே வெட்டிட்டா வேலை சீக்கிரம் முடியும்."

வேலை சீக்கிரம்தான் முடிந்தது. புதுத் தகட்டை இரண்டு பக்கமும் வெல்டு வைத்து, தரையையும் அடைத்து, சாம்பல் பெயிண்ட் அடித்தார். அழகாக இருந்தது. கதவுகளை மாட்டினால் மூடவில்லை. கீல் பக்கம் சரியாக உட்கார்ந்தால் பூட்டுப் பக்கம் இடித்தது. அன்றைக்கே பரிசோதனைக்குப் போயாக வேண்டும். மறுநாள் மான் வேட்டை ஆரம்பம், அண்ணன் பட்டறையைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார். அவர் திரும்புவதற்குள் பனி முந்திக்கொள்ளும். வானம் ஏற்கனவே ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது.

வலதுபக்கக் கதவை மரச்சுத்தியலால் அடித்து மூடினார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, உள்ளிருந்து கதவைப் பிடித்து இழுத்தார்.

"வெளிய இருந்து இடி லூசில்! உன் இடுப்பு எதுக்கு இருக்கு?"

என் இடுப்பைப் பற்றிப் பேசியிருக்க வேண்டாம். ஒரே இடி. கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு உள்ளிருந்தும் திறக்கவில்லை, வெளியிலிருந்தும் திறக்கவில்லை. மறுபக்கமும் அதே கதைதான். கண்ணாடியை இறக்கினார். தலை வந்தது, தோள் வந்தது, தொப்பை வரவில்லை. சிறிது நேரம் பாதி வெளியே பாதி உள்ளே தொங்கிக்கொண்டு யோசித்தார்.

"நல்லதாப் போச்சு. கதவு கிடுகிடுன்னு ஆடுதுன்னு உங்க அண்ணன் சொல்ல முடியாது. சாவியைக் குடு" என்றார்.

பக்வீட் என்ற தானிய மாவில் சுட்ட தோசை ஒன்றில் வெண்ணெய் தடவிச் சுருட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். தின்றுகொண்டே ஓட்டிக்கொண்டு போனார். நான் என் காரில் பின்னால் போனேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பட்டறையில் அண்ணன் வேட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். மூலையில் அவர் துப்பாக்கிப் பெட்டி.

"என்ன மாப்ளே, கையைப் பிடிச்சு இறக்கணுமா?"

"முட்டி வலி மச்சான். நீ பாரு, நான் இப்படியே உக்காந்திருக்கேன்."

அண்ணன் காந்தத்தை எடுத்தார். பூச்சு வேலை என்றால் காந்தம் நழுவும். அது டக்கென்று ஒட்டியது. சுத்தியலால் தட்டினார். டங் என்றது. மறுபடி தட்டினார், ஓரத்தில் தட்டினார், மூலையில் தட்டினார். ஆசையாக வைத்திருந்த எதையோ தொலைத்தவர் மாதிரி முகம் மாறியது.

"அட, இரும்பு!"

"பின்ன அட்டையா?"

"போன வருசம் அட்டைதானே. சரி, கதவைத் திற."

"எந்தக் கதவை?"

"உன் மாமியார் வீட்டுக் கதவையா கேக்குறேன்? வண்டிக் கதவை."

"அது நல்லா மூடியிருக்கே மச்சான். மூடின கதவை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அண்ணன் பிடியை இழுத்தார். காலை வண்டியில் ஊன்றி இழுத்தார். பிறகு சுற்றி வந்து, குனிந்து, கதவின் மேல் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா அறுத்தியா?"

ரோசேர் சட்டைக் கையால் ஸ்டீயரிங்கைத் துடைத்தார்.

"தாங்கலுக்குக் குறுக்க ஒரு குழாய் கூட வெல்டு வெக்காம?"

"நேரம் இல்ல மச்சான்."

"முதுகெலும்பை உருவிட்டு நேரா நில்லுன்னா எப்படி நிக்கும்? நடுவுல தொய்ஞ்சு போச்சுடா! தொய்ஞ்ச வண்டிக்குத் தங்கத்துல தகடு அடிச்சிருக்கே!"

சொல்லிவிட்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரோசேர் உள்ளேயிருந்து ஹாரனை அழுத்தினார். அண்ணன் இன்னும் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"ஜோஸ்லின் பந்தயம் இதுதானா?"

"ஆமாண்ணே. நீ காட்டுல இருந்து வர்றதுக்குள்ள பனி வந்துடும்" என்றேன்.

"இப்படியே ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன். தீப்பிடிச்சா இவன் உள்ளயே வெந்துடுவான்" என்றார். அண்ணன் எழுந்துபோய் வேட்டைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வண்டியைத் தூக்கும் லிஃப்டின் கைகளை அடியில் தள்ளினார்.

"ஆளை உள்ள வச்சுத் தூக்கக் கூடாது. ஆனா இந்த ஆளு இறங்குற வகையா இல்ல. ஒரு முழம்தான். ஆடாம உக்காரு, கதவுமேல சாயாதே!"

ரோசேர் அதுவரை கதவைத் தோளால் முட்டிக்கொண்டுதான் இருந்தார். சொன்ன பேச்சைக் கேட்டு வழக்கமில்லாதவர், இன்னும் நன்றாகச் சாய்ந்தார். லிஃப்ட் நடுவில் தாங்கித் தூக்கியதும், முன்னும் பின்னும் கனத்தில் தணிந்தன, தொய்ந்த இடம் நிமிர்ந்தது. படார் என்று கதவு திறந்தது. என் கணவர் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி பழைய டயர்க் குவியலில் வந்து விழுந்தார்.

"ஸ்டிக்கர் குடு. கதவு திறந்துடுச்சே" என்றார், விழுந்த இடத்திலிருந்தே.

"வாயை மூடிட்டுக் குழாயை எடு. வண்டி இப்பதான் நேரா இருக்கு. இப்படியே பிடிச்சுக் கட்டணும்."

வேட்டை, வேட்டை என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அன்று வேட்டைக்குப் புறப்படாமல் என் கணவரோடு வண்டிக்கடியில் கிடந்தார். லிஃப்டில் இருக்கும்போதே கதவு வழியில் குறுக்கே குழாய் வைத்து இறுக்கி, இரண்டு பக்க வெல்டையும் அறுத்து, தகட்டைத் திரும்பப் பொருத்தினார்கள். ஒவ்வொரு பொட்டு வெல்டுக்கும் ஒரு சண்டை. இவர் 'உன் கை நடுங்குது' என்பார், அவர் 'உனக்குக் கண் தெரியல' என்பார். எனக்கு மறுபடியும் பூவாளி. இந்த முறை இரண்டு முதுகுகள் இருந்தன. சும்மா விட்டுவிட்டேன்.

இறக்கினார்கள். கதவு திறந்தது, மூடியது. மற்றதும் திறந்தது, மூடியது. அண்ணன் ஸ்டிக்கரை எடுத்தவர், வண்டியைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, எண்பலகை விளக்கு எரியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

"சொந்தக்காரன்னு சும்மா விட மாட்டேன்" என்றார் சந்தோஷமாக.

ரோசேர் வெளியே போய் என் காரின் எண்பலகை விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் பார்த்தும் பார்க்காதவர் மாதிரிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பிறகு ஸ்டிக்கரை ஒட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில்தான் போட்டேன், வெற்றிப் பிரசங்கம் செய்ய ரோசேர் பக்கத்திலேயே தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார்.

"ஒட்டிட்டாங்களாம்மா?"

"ஒட்டிட்டாங்க."

"ஏமாத்து வேலை இல்லாம?"

"உங்க மாமா கூடவே படுத்து வெல்டு வச்சாரு."

"நல்லதும்மா. நல்லதுதான்" என்றாள். "நான்தான் அவசரப்பட்டு உங்க அறைக்குப் பெயிண்ட் அடிச்சிட்டேன். அப்பா முட்டிக்குத் தோதா உசரமான கட்டில் வாங்கிப் போட்டேன். பரவால்ல, கெடக்கட்டும்."

அவள் எங்களைத் தோற்கடிக்கத்தான் பந்தயம் போட்டாள் என்று அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோசேர் முகத்தில் பிரசங்கம் அப்படியே அணைந்துபோயிருந்தது. போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அங்க வண்டி நிறுத்த எடம் இருக்கா?"

"இருக்குப்பா. வீட்டுக்குப் பின்னால."

"மேல கூரை?"

"இல்லப்பா, வெட்டவெளி."

"உங்க ஊர்லயும் உப்பு கொட்டுவாங்களே. கூரை இல்லாம எப்படி வண்டியைக் கொண்டுவந்து விடுறது?"

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப நீங்களே வந்து ஒரு கூரை கட்டிக் குடுங்கப்பா."

ரோசேர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அளவு நாடாவைத் தேடப் போனார்.