வேறென்ன தோணோணுமுங்க?

அப்பா இறந்த செய்தி வந்தபோது கொல்லங்கோட்டில் எங்கள் வயலில் நாற்று நடவு நடந்துகொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான்கு வருடம். நான் தரையில் விழுந்து அழுதேன். என் கணவர் அமைதியாகக் கேட்டார்: "அப்ப நடவாளுகளுக்கு ஆரு சோறாக்கறது?"

முதல் அறிகுறி அதுதான். அதிர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே அவர் நல்லவர். குடியில்லை, அடியில்லை. வீட்டில் என் அழுகை அவருக்குப் பக்கத்து வயலில் பெய்யும் மழை. ஆறு வருடம் என்னிடம்தான் குறை என்று நம்பினேன்.

அவருக்குத் தூக்கம் வரவில்லை. அதைச் சாக்காக வைத்துக் கோயம்புத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் பல தடவை வரச்சொல்லிப் பேசினார். ஒருநாள், "உங்க மாமனார் இறந்தப்ப என்ன தோணுச்சு?" என்று கேட்டார்.

"நடவு தள்ளிப் போயிருமோன்னு நெனச்சனுங்க."

"வேற?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "வேறென்ன தோணோணுமுங்க?"

அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார். இது ஆளுமைக் கோளாறு (உணர்வதும் பழகுவதும் சிறுவயதிலிருந்தே ஒரு போக்கில் இறுகிப்போவது). ஒத்துணர்வு (பிறர் வலி நம்மையும் தொடுவது) அவரிடம் மிகக் குறைவு. இந்தக் கோளாறு உள்ள எல்லோரும் இப்படியில்லை. சிலர் மாறுவதும் உண்டு.

"மாத்திரை இருக்குதுங்களா?"

"இதுக்கு இல்லம்மா. மாறணும்னு அவருக்கே தோணணும்."

தோன்றவில்லை. நானே சொல்லிக்கொடுக்க முயன்றேன். மகள் செல்விக்குக் காய்ச்சல் கண்டபோது, "தூக்கி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தால், குழந்தை "தண்ணி, தண்ணி" என்று தொண்டை வறள அழுகிறாள். சொம்பு அவர் காலடியில் இருந்தது.

"தூக்கி வெச்சுக்கச் சொன்னே. வெச்சிருக்கறேன்," என்றார்.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. நிம்மதி என்று நினைத்தேன். சில மாதம் கழித்து செல்வி வாசற்படியில் விழுந்து முழங்கால் கிழிந்து ஓடிவந்தாள். ரத்தத்தைப் பார்த்தேன். என்னுள் எதுவும் அசையவில்லை. "சத்தம் போடாத, அடுப்புல சோறு வேகுது," என்றேன். அவள் உடனே வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு உடும்பஞ்சோலைக்குப் போனேன். அண்ணன் அங்கே ஏலத்தோட்டத்தில் கங்காணி. நான்கு மாதம் கழித்து என் கணவர் வந்தார். "அறுப்புக்கு ஆள் பத்தாது. எப்ப வர்றே?" என்றார். செல்வி எதிரிலேயே நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்பாரா என்று பஸ் புறப்படும் வரை காத்திருந்தேன்.

நான் போகவில்லை.

தோட்டத்தில் களை வெட்டும்போது ஒருநாள் அரிவாள் என் காலில் இறங்கிவிட்டது. கூட வேலைசெய்த பெண் பதறினாள். "ஏ அக்கா, ரத்தமால்லா ஊத்துது! வலிக்கலியா?"

அவள் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துணி சுற்றினாள். அதற்குப் பிறகுதான் வலித்தது. பொழுது சாயும்வரை அழுதேன்.

இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மரத்துப்போன மனசு நம் மேலும் படியும். எனக்கு இன்றும் எல்லாம் தாமதமாகத்தான் வருகிறது. சாவு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள், தனியாக இருக்கும்போது, அழுகை பொங்கி வரும். இன்னும் வருகிறதே என்ற ஆறுதலில் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.