அக்கா குடித்த டீ

எங்கள் அப்பா உலகத்தில் இரண்டே விஷயங்களை நம்பினார். ஒன்று பழவங்காடிப் பிள்ளையார், இன்னொன்று தேயிலைப் பொடி. பிள்ளையாரிடமாவது எப்போதாவது கோபித்துக்கொண்டு தேங்காய் உடைக்காமல் இருந்ததுண்டு. பொடியின்மேல் அவருக்குக் கோபமே வந்ததில்லை. ஆரியசாலையில் எங்களுக்குத் தேயிலை மொத்த வியாபாரம். கடை கீழே, வீடு மாடியில். காய்ச்சலா, டீ. தலைவலியா, டீ. சாப்பிட்ட கையோடு நல்ல கடுப்பத்தில் ஒரு தம்ளர் குடிக்காவிட்டால் சாப்பாடு உடம்பில் ஒட்டாது என்பது அவர் கட்சி. டீயின் திடத்தைத்தான் எங்கள் ஊரில் கடுப்பம் என்போம்.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா நெடுந்தூர ஓட்டக்காரி. விடியுமுன் கிளம்பிச் சங்குமுகம் கடற்கரைவரை ஓடித் திரும்புவாள். அரைக்கால் சட்டையோடு அவள் கடைத்தெருவில் வருவதைப் பற்றி எதிர்க்கடைக்காரர் ஏதோ சொல்லிவிட்டார். அன்றோடு அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்தினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்திலேயே நிற்கிறவளுக்கு, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று என் வழியாகச் சொல்லியனுப்புவார். வீட்டுக்குள் நான்தான் தபால்காரி. அக்கா ஓட்டத்தை விடவில்லை. ஆனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஆண்டுக் கடைசியில் மாநில அணிக்குத் தேர்வு இருந்தது. அதில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு ரயில்வேயில் வேலை என்று அவளுடைய கோச் சொல்லியிருந்தார். அதை அம்மா எப்படி எடுத்துச் சொன்னாளோ, ஒரு காலை அக்கா சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவே அடுக்களைக்குப் போனார். கடையின் முதல்தரப் பொடியில் டீ போட்டுக் கொண்டுவந்து அவள் தட்டருகே வைத்தார்.

"குடி மக்ளே. ஓடுத பிள்ளைக்குத் தெம்பு வேணும்லா."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசியது அதுதான். அன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பாட்டோடு அப்பா கையால் டீ. அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். நாய் துரத்தியதா, கடற்கரையில் எதிர்க்காற்றா, காலில் செருப்புக் கடி ஆறிவிட்டதா என்று விசாரிப்பார். தம்ளர் காலியானதும் பேச்சும் முடிந்துவிடும், கடைக்கு இறங்கிப் போய்விடுவார். அக்கா ஏன் அவ்வளவு மெதுவாகக் குடிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

இரண்டு மூன்று மாதத்தில் அக்காவுக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. கோச் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

முடிவைப் பார்த்த மலையாள டாக்டர், "மோளே, ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்ல. பிளட்டில அயர்ன் குறவாணு" என்றார். ஓடி ஓடிப் பழகிய நெஞ்சு ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆனால் மூச்சுக்காற்றைச் சுமக்க அந்த ரத்தத்தில் இரும்பு போதவில்லை. அதனால் நெஞ்சு வீணாக அடித்துக்கொள்கிறது என்று விளக்கினார். வண்டி நல்ல வண்டிதான், சரக்குதான் ஏறவில்லை என்று ஆரியசாலைக்காரியான நான் புரிந்துகொண்டேன். எங்களுடையது மீனோ இறைச்சியோ நுழையாத வீடு. கீரையிலும் பயறிலும் கிடைக்கிற கொஞ்சம் இரும்பையும் சாப்பாட்டோடு குடிக்கிற டீ உடம்பில் சேரவிடாதாம். மாத்திரை எழுதிக்கொடுத்து, "சாப்பாட்டின் கூட சாய வேண்டா, கேட்டோ" என்று, டீ கூடாது என்பதை அழுத்திச் சொன்னார்.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தாள். "அப்பாட்ட சொல்லப்பிடாது, கேட்டியா?"

"அப்போ டீய என்ன செய்வ?"

"குடிப்பேன்."

"தோத்துப் போவக்கா!"

"அவரு வெச்சுத் தந்தா எப்பிடிட்டி வேண்டாங்கது?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் தம்ளரை நானே குடித்துவிடுகிறேன் என்றேன். விடவில்லை. மாத்திரை விழுங்கிய வாய் காய்வதற்குள் டீ வந்து நிற்கும், அதையும் குடிப்பாள்.

தேர்வன்று அப்பா கடையைப் பாதி அடைத்துவிட்டு, பிளாஸ்க்கும் கையுமாக மைதானத்துக்கு வந்தார். புறப்படும்போது எதிர்க்கடைக்காரரிடம், அவர் கேட்காமலேயே, "மகள் ஓடுதா" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அக்கா முதலில் முன்னால்தான் ஓடினாள். பிறகு அவள் உதடு வெளுத்தது. ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். அப்பா எழுந்து நின்று, "விடாத மக்ளே, விடாத!" என்று கத்தினார். அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை.

அணியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ரயில்வேயும் அதோடு போயிற்று. இன்று அவள் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

அன்று ஓட்டம் முடிந்து அக்கா புல்தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளருகே குந்தி, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றினார்.

"என் தப்பு மக்ளே. இன்னும் கொஞ்சம் கடுப்பம் கூட்டியிருக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன். அவள் மூடியை இரண்டு கையாலும் வாங்கி, மெதுவாகக் குடித்து முடித்து, மறுபடியும் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தாங்கப்பா."

தோற்ற பிறகும் இவளுக்கு இப்படியொரு தாகமா என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.