ஞாயிற்றுக்கிழமை ஜாஸும் என் வாயும்

எனக்கு வாய் அதிகம். என் கணவர் இதை முகத்துக்கு நேரே சொல்வார். பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் பகுதித் தொழிற்சாலையில் என் கீழ் வேலை செய்யும் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லட்டும். கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கி கெட்டுப்போன வருடம், "வாசலை மறித்து நிற்கும் வெள்ளை காடியின் உரிமையாளர் உடனே வரவும்" என்று வெறும் தொண்டையால் அறிவித்தவள் நான். கார்க்காரர் ஓடி வந்தார். அந்த வாயோடுதான் நான் வானொலிக்குப் போனேன்.

வானொலி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடலுக்கு அக்கரையில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஒரே ஓர் அறை. ஊர்க்காரர்கள் நாங்களே நடத்துவது, கைபேசியில் கேட்பது. சம்பளம் கிடையாது, குளிர்சாதனம் பாதி நாள் ஓடாது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற சீனப் பெண்மணி ஒருவர்தான் தலைவி. எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். அவர் சொன்னதையும் நான் அவரிடம் சொன்னதையும் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

அந்த வானொலிக்கு இருக்கிற ஒரே பெருமை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணி நிகழ்ச்சி. லெபோ சூலியா தெருப் பக்கம் ஒரு தமிழ் முஸ்லிமின் சாப்பாட்டுக் கடையில், பின்கட்டுக் கூடத்தில், உள்ளூர் ஜாஸ் குழு வாசிக்கும். நாங்கள் அதை அப்படியே நேரடியாக ஒலிபரப்புவோம். வெளியூர்க்காரர் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. பியானோ வாசிப்பவர் சீனப் பெரியவர், சாக்ஸபோன் ஒரு மலாய் ஆசிரியர், டிரம்ஸும் பாட்டும் அவருடைய பழைய மாணவிகள். டபுள் பேஸ் மட்டும் நம்மாள். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். டபுள் பேஸ் என்பது ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும். நின்றுகொண்டு, கட்டிப்பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

மலாய், ஆங்கில, சீன அறிவிப்புகள் ஏற்கெனவே இருந்தன. தமிழும் வேண்டும் என்று நான் டீச்சரிடம் இரண்டு மாதம் நச்சரித்தேன். வீட்டில் என் கணவர், "நம்மாளுக்கு ஜாஸ் எதுக்குடி? யாரு கேக்கப் போறா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"கப்பல்ல வந்த பியானோவ எல்லாம் இந்த ஊர்ல யாரு எறக்குனது? எங்கப்பா மாதிரி ஆளுங்கதான! தோள்ல தூக்கலாம், காதால கேக்கக் கூடாதா?"

மனிதர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மறுநாள் டீச்சரும் சரி என்றார்.

இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். பத்து வருடமாக நான் கல்யாண விருந்துகளில் அறிவிப்பாளர். அந்தத் தொழிலில் முதல் பாடமே இதுதான்: பாடும்போது பேசாதே, பாட்டு நின்றால் புகுந்துவிடு. பாடகர் சரணம் முடித்து மூச்சு வாங்குவார், இடையிசை வரும். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வரவேற்பு, கேக் வெட்டும் அறிவிப்பு, எல்லாவற்றையும் சொல்லி முடித்து, பாடகர் வாய் திறப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. ஒரு கல்யாணத்திலும் பாட்டின் ஓர் எழுத்தைக்கூடத் தொட்டதில்லை.

முதல் ஞாயிறு. குழுவில் பாடுகிற பெண் ஒரு பாட்டைப் பாடி முடித்துத் தள்ளி நின்றாள். சாக்ஸபோன் தொடங்கியது. ஆகா, இடையிசை வந்துவிட்டது என்று நான் மைக்கை அமுக்கினேன். "வணக்கம் நேயர்களே!" பிறந்தநாள் வாழ்த்துகள் ஆறு வாசித்தேன். சாக்ஸபோன் நின்று பியானோ தொடங்கியது. பரவாயில்லையே, நல்ல நீளமான இடையிசை என்று மகிழ்ந்து, தாசேக் கெலுகோரில் நடக்கவிருந்த இலவசக் கண் பரிசோதனையை அறிவித்தேன். பிறகு டபுள் பேஸ். அதன் மேல் கோவில் அன்னதானம். அந்தப் பெண் மறுபடி பாட வந்ததும் டக்கென்று நிறுத்தினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் பியானோ பெரியவர் என் மேசைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நாங்கள் வாசித்த அத்தனை சோலோவும் உன் பேச்சுக்கு அடியில் போய்விட்டது."

எனக்குப் புரியவில்லை. அண்ணன்தான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நம்ம பாட்டுல வர்ற மாதிரி அது எடவெளி இல்ல தங்கச்சி. அங்கதான் விசயமே. ஒவ்வொருத்தரா மொற வெச்சு, அப்ப மனசுல என்ன தோணுதோ அத வாசிப்போம். அடுத்த தடவ அதையே கேட்டா வராது."

மறுபடி வராத ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துதான் நான் கண் பரிசோதனை அறிவித்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அந்த நுணல் நான்தான்.

டீச்சர் நேராக விஷயத்துக்கு வந்தார். தமிழ் அறிவிப்பை எடுத்துவிடலாம், இந்த இசைக்கு அது ஒத்துவரவில்லை என்றார். தப்பு நான் செய்தது, தண்டனை தமிழுக்கா? அங்கேயே சண்டை போட்டேன். என்னைத் திட்டுங்கள், என் மொழியை ஏன் வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கே எரிச்சல், கோபத்தில் இருக்கும்போது அழுகை வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. சோலோ நடக்கும்போது நீ ஒரு வார்த்தை பேசினாலும் அதோடு தமிழ் அறிவிப்பு இல்லை."

அந்த வாரம் முழுவதும் படித்தேன். பள்ளி இறுதிப் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. வானொலியின் பழைய பதிவுகளைக் கைபேசியில் போட்டுக்கொண்டு, தொழிற்சாலை வேனில், சாப்பாட்டு நேரத்தில், கழிப்பறை வரிசையில்கூடக் கேட்டேன். பாட்டு எத்தனை நீளமோ அத்தனை நீளம்தான் ஒருவருக்கு ஒரு சுற்று என்று அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தார். விரல் விட்டு எண்ணினேன். வியாழக்கிழமைக்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இதோ சாக்ஸபோன் முடிகிறது, இப்போது கைதட்டுவார்கள் என்று சொன்னால் சரியாகத் தட்டினார்கள். பாட்டின் நடுவிலேயே, ஒவ்வொருவர் முறை முடியும்போதும் தட்டுவது அங்கே வழக்கம். வேலை செய்கிற பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சாக்ஸபோனுக்குத் தட்டுகிறார்கள். பியானோவுக்குத் தட்டுகிறார்கள். டபுள் பேஸ் வரும்போது மட்டும் பதிவில் கரண்டிச் சத்தம், சிரிப்பு, நாற்காலி இழுக்கும் சத்தம். திரும்பத் திரும்பக் கேட்டேன். கரண்டிச் சத்தத்துக்கு அடியில் அண்ணன் எங்கேயோ வாசித்துக்கொண்டிருந்தார். முடிந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை, ஒரு கைதட்டல் இல்லை. வேறு நான்கு பதிவுகளையும் தேடிக் கேட்டேன். எல்லாவற்றிலும் அதே கதைதான். அவருக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"அதுவா? பேஸ் ரொம்ப மெதுவா கேக்கும்ல, அதான். பேஸ் சோலோன்னா எல்லாரும் டீ, தே தாரிக் ஆர்டர் பண்ற நேரம் லா," என்று சிரித்தார். "ஒலகம் பூரா அப்படித்தான். வுடுங்க தங்கச்சி."

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிறு ஃபெரியில் கடல் தாண்டி, மூன்று மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். பாட்டு தொடங்கும் முன் எனக்கு ஒரு நிமிடம் கொடுத்திருந்தார்கள். "நேயர்களே, பாட்டு நின்றதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். நம்ம ஊர்க்காரர்கள் தங்கள் மனதில் உள்ளதை வாசிக்கப் போவது அப்போதுதான். இன்று நான் குறுக்கே வர மாட்டேன், சத்தியம்," என்றேன். டீச்சர் என் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காவலுக்குத்தான், வேறு எதற்கு?

அந்தப் பெண் பாடி முடித்தாள். சாக்ஸபோன். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கைதட்டல். பியானோ. பெரியவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தபடியே வாசித்தார். கைதட்டல். வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தேன்.

பேஸ் தொடங்கியது. நான் காதில் மாட்டியிருந்த கருவியில், வானொலியில் போவது அப்படியே எனக்குக் கேட்கும். முதல் இரண்டு ஒலி கேட்டது. அவ்வளவுதான். பக்கத்து மேசையில் யாரோ பார்க்கிங் அபராதத்தைப் பற்றி ஆரம்பித்தார். இன்னொரு மேசையில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். கடை முதலாளி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "தே ஓ ஐஸ் ரெண்டு! அஞ்சாம் மேசைக்கு ரொட்டி எங்கடா?" என்று குரல் கொடுத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் கிரேனில் உட்கார்ந்து கொள்கலன் ஏற்றி இறக்குகிற கை. காதில் எனக்குக் கரண்டிச் சத்தம்தான் வந்தது.

எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது.

"ஏய்! வாய மூடுங்க எல்லாரும்! அண்ணன் வாசிக்கிறாரு, காது அவிஞ்சி போச்சா? பாய், ஒங்க தே ஓ என்ன ஓடியா போயிரும்?"

கோவில் திருவிழாக் குரல். அதோடு விட்டேனா? பழக்க தோஷம், கை தானாக மைக்கை அமுக்கியிருக்கிறது. கூடத்து ஒலிபெருக்கியிலும் போனது, பினாங்கு முழுக்க நேயர்களின் கைபேசியிலும் போனது.

கடை அப்படியே அடங்கியது. தமிழ் தெரியாதவர்களும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அண்ணன் கண்ணைத் திறந்தார். ஆனால் கை நிற்கவில்லை. பியானோ பெரியவர் என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கிச் சுழற்றினார். இன்னொரு சுற்று வாசி என்று அர்த்தம்.

அண்ணன் இன்னொரு சுற்று வாசித்தார். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! மேசை மேல் கை வைத்திருந்தவர்களுக்கு மரப்பலகை வழியாக அந்த ஒலி ஏறியது. அதட்டவும் தெரியாமல் கெஞ்சவும் தெரியாமல், தன் பாட்டுக்கு ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டே போகிற ஆள் மாதிரி இருந்தது. முடிந்தபோது கடையில் முதல் ஆளாகக் கைதட்டியது கடை முதலாளிதான். துண்டு தரையில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. பிறகு எல்லாரும் தட்டினார்கள், சிலர் எழுந்து நின்றார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியம் செய்துவிட்டு, ஒரு வார்த்தை கூடாது என்ற இடத்தில் மூச்சு விடாமல் கத்தியிருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் காதில் இருந்ததைக் கழற்றி டீச்சர் கையில் கொடுத்தேன்.

"பேசிவிட்டேன் டீச்சர். சோலோ நடக்கும்போதுதான் பேசினேன். நீங்கள் சொன்னது சொன்னதுதான்."

டீச்சர் அண்ணனைக் கூப்பிட்டு, இவள் என்ன கத்தினாள் என்று கேட்டார். அண்ணன் மலாயில் சொன்னார், ஒரு சொல் விடாமல், தே ஓ உட்பட. டீச்சர் சிரிக்கவில்லை.

"விதி எல்லாருக்கும் ஒன்றுதானே?" என்றார்.

அண்ணன் பேஸைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு அதே மலாயில் சொன்னார்.

"இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் வாசிக்கிறேன் டீச்சர். என் சோலோவைக் கேளுங்கள் என்று ஊரைப் பார்த்துச் சொன்னது இவள் ஒருத்திதான். அதையும் என் மொழியில் சொன்னாள். இவளை அனுப்பினால் நானும் போகிறேன்."

பியானோ பெரியவர் மூடியைச் சாத்திவிட்டு, "பேஸ் இல்லாமல் நான் யாரோடு வாசிப்பதாம்?" என்று முனகினார். டீச்சர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பையிலிருந்து அடுத்த வார அட்டவணையை எடுத்து, ஜாஸ் என்று எழுதியிருந்த கட்டத்தில் நான்காவது மொழியை எழுதினார். எழுதிவிட்டு அந்தக் காதுக் கருவியை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அடுத்த வாரமும் மூன்று மணிக்கே வந்துவிடு. பேஸுக்குத் தனியாக ஒரு மைக் வைத்துப் பார்க்க வேண்டும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க டீச்சர், வந்துடுறேன்," என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது.