கட்டைகளுக்குப் போட்ட குரங்குக் குல்லா

கோவில்பட்டிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் சோலைராஜின் குரலைக் கேட்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் "கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவில் செல்லும் பேருந்து" என்று காலை முதல் உச்சி வரை சொல்வது அவர்தான். ஊரைத் திசைக்கொன்றாய் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் மட்டும் எங்கும் போகாமல் சாப்பிட வீட்டுக்கு வருவார்.

அவர் போக வேண்டிய இடம் வீட்டுக்குள்தான் இருந்தது. மகள் முத்துச்செல்வி பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய கீபோர்டு அது. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போகையில், சீர் சாமான்களோடு வண்டி ஏறாமல் தங்கிவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மனைவி கல்யாணசுந்தரி கட்டிலில் சாய்வாள். சோலைராஜ் ஹெட்போனை மாட்டுவார். அவ்வளவுதான், சுவர் கரைந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த கரிசல் காடு அடிவானம் வரை விரியும். நடுவில் மேடை. பேருந்துகள் எல்லாம் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாக நின்று கேட்கும். ஓட்டப்பிடாரம் வண்டியின் கண்டக்டர் விசில் ஊத மறந்து கண்மூடி நிற்பார். எந்த வண்டிக்கும் நேரமாகாது.

அவர் வாசிப்பது ஒரே மெட்டு, சொந்த மெட்டு. அது ஓர் இடத்தில் மேடேறும். அங்கே தினமும் விரல் தடுக்கி நின்றுவிடும். கனவில் அதற்கும் கைதட்டினார்கள். வெளி ஆள் யாரும் கேட்டதில்லை. கேட்க அவர் விட்டதுமில்லை. ஒருவர் காதில் விழுந்தாலும் மேடை போய்விடும், கீபோர்டுதான் மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு மதியம் ஹெட்போனைக் கழற்றியபோது, கல்யாணசுந்தரி மகளோடு போனில் பேசி முடித்திருந்தாள்.

"முத்துச்செல்வி கேக்கா, 'அங்கன யாரும்மா கடலை உடைக்கா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒங்கப்பாதான் உடைக்காகன்னேன். மூடை மூடையா உடைக்காக, ஒரு பருப்பக் கண்ணுல காணலன்னேன்."

சோலைராஜ் சிரிக்கவில்லை. கீபோர்டை அணைத்துவிட்டு, வெறுங்காதோடு அதே மெட்டை வாசித்துப் பார்த்தார். தடக், லொடக், டக்கட. கரிசல் காட்டுக்குக் கேட்டது இசை. வீட்டுக்குக் கேட்டது இது. தடுக்கி நிற்கும் இடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. குளிக்கும் அறைக்குக் கதவு இல்லையென்று பாதிக் குளியலில் கண்டவரைப் போல் கூசிப் போனார். இந்தச் சத்தத்தை அடைக்காமல் இனி அந்த மேடையில் ஏற முடியாது.

மறுநாள் போர்வையை விரித்து, கீபோர்டைக் குப்புறப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினார். போன் வீடியோவில் ஒரு வெளிநாட்டுக்காரர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. திறந்தால் உள்ளே அரைக் காணி கரிசல் இருந்தது. கிரீஸ் பழம்புளியாக இறுகியிருந்தது. விரல் அமுக்கும் கட்டைகள் விழுந்து எழுவதற்கு அடியில் விரித்திருந்த மெத்துத்துணி, நசுங்கி அப்பளமாகியிருந்தது. கட்டை நேராகப் பிளாஸ்டிக்கில் போய் முட்டினால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

கரிசல் ஊரில் காதுவலிக்கும் பஞ்சு, விளக்குக்கும் பஞ்சு, தலையணைக்கும் பஞ்சு. கீபோர்டு மட்டும் வேறென்ன கேட்டுவிடப் போகிறது? பஞ்சைத் திணித்தார். அமுக்கிய கட்டைகள் எழவில்லை. ஒரு சுரம் மட்டும், இறங்குமிடம் வந்தும் தூங்குகிற பயணி போல நீண்டுகொண்டே இருந்தது.

தையல்கடை வெயிலுமுத்துவிடம் போய்க் கம்பளித் துணி கேட்டார்.

"பங்குனி வெயில்ல கோவில்பட்டியில கம்பளி கேட்ட மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி. குளிர்க் காய்ச்சலுன்னா ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்."

கடைசியில் வீட்டு பீரோவின் அடித்தட்டில் அது கிடைத்தது. கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனபோது வாங்கிய குரங்குக் குல்லா. ஊர் திரும்பிய பிறகு அதற்கு வேலையே வரவில்லை. கத்தரியை வைத்து நீள நீளமாக வெட்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"ஏங்க, அது என் குல்லால்லா?"

"என்னோடதுன்னுல்லா நெனச்சேன்."

"உங்களோடத வண்டியிலயே மறந்து போட்டுட்டுத்தான வந்தீக."

"போகட்டும் ஏட்டி. மறுபடி கொடைக்கானல் போறப்ப புதுசு வாங்கித் தாரேன்."

"அத மைக்குல சொல்லுங்க, நம்புதேன்."

பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிது தடவி, குல்லாப் பட்டைகளை இரட்டையாக மடித்து ஒட்டி, மூடித் திருகினார். கட்டைகள் பூனை நடப்பது போல இறங்கின. அன்று கரிசல் காட்டில் பனிமூட்டம். குல்லாவோடு வந்துவிட்டது போலிருந்தது. பேருந்துகளின் நெற்றியில் ஊர்ப்பெயர்கள் நனைந்திருந்தன. மெட்டு மேடேறியது, வழக்கம்போல நின்றது. யாருக்கும் தெரியாது. நிம்மதியாகத் தலையைத் தூக்கினார்.

கல்யாணசுந்தரி தூங்காமல் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"என்ன, தூங்கலையா?"

"இன்னிக்குத் தாண்டுனீகளா, அங்கனயே நின்னுட்டீகளா?"

"எத?"

"அதான், தடக்குத் தடக்குன்னு ஏறிப் போயி ஒரு எடத்துல நிக்குமே. இன்னிக்காவது தாண்டுதாகளான்னு பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுதது. இப்ப ஒண்ணுந் தெரிய மாட்டேங்கு."

"தாண்டிட்டேன்."

"பொய்யி."

வராத பேருந்தை வந்ததாக ஒருநாளும் அறிவித்திராத மனிதர் அவர். அதற்கு மேல் புளுகத் தெரியவில்லை. ஹெட்போன் வயர் சொருகியிருந்த ஓட்டையைப் பார்த்தார். பிடுங்கினால் அத்தனை பேருந்துகளும் கிளம்பிவிடும்.

பிடுங்கினார். மெட்டை முதலிலிருந்து வாசித்தார். வெளியே வந்த சத்தம் அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னது, கோழிக்குஞ்சு அளவு. கரிசல் காடு பாயாகச் சுருண்டது. காலண்டரோடு சுவர் திரும்பி வந்தது. மெட்டு மேடேறி, அதே இடத்தில் நின்றது.

கட்டிலின் இரும்புக் குழாயில் கல்யாணசுந்தரியின் மோதிர விரல் தட்டியது. டக். டக்டக். டக்.

"இப்பிடித்தான் போகும்னு நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன்" என்றாள்.

அவர் விரலை அந்தத் தட்டலுக்குப் பின்னால் அனுப்பினார். தவறியது. அவள் இன்னும் நிதானமாகத் தட்டினாள், இறக்கத்தில் கால் வைப்பது போல. அவரானால் இத்தனை காலமும் அங்கிருந்து மேலே ஏறத்தான் பார்த்திருக்கிறார். ஏற வேண்டியதே இல்லை. மெட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் சாவகாசமாக இறங்கிற்று.

"பைய. பிரேக்கப் புடிச்சு இறங்குங்க" என்றாள் கல்யாணசுந்தரி, கண்ணை மூடிக்கொண்டு.