கழுத்துக்கு அடியில் ஒரு பெயர்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது கிட்டாரைத் துடைத்தது. முந்தின நாள் வியர்வை பூச்சில் படிந்து பழுப்பாவதற்குள் உலர்ந்த துணியால் ஒரு முறை. பல் துலக்குவதுகூட அதற்குப் பிறகுதான். துடைத்துக்கொண்டிருந்தபோது காசி போன் செய்தான். எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன்.

"அக்கா, எட்வின் அண்ணன் போயிட்டாருக்கா. நெஞ்சு வலின்னாராம். ஆட்டோ வர்றதுக்குள்ள..."

துணியைக் கீழே வைத்தேன். அப்படித் துடைக்கச் சொன்னவர் அவர்தான். கடைசி ஏழு ஆண்டுகளாக மேடைக்கு வெளியே நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

உங்களில் பலருக்கு அவர் லீட் கிட்டார் எட்வின். சிதம்பரத்தில் இன்னும் பலருக்கு பைக் டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கும் எட்வின். எனக்கு அவர் எதையும் நம்பாத மனிதர்.

ஒரு முறை நான் புதுச்சேரியில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கி அவரிடம் காட்டினேன். முப்பது வருடம் ஓட்டல் மேடையில் வாசித்தது என்று சொல்லி விற்றார்கள். அங்கங்கே பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. அதற்காகவே எனக்குப் பிடித்தது. எட்வின் அண்ணன் அதை மோந்து பார்த்தார். பள்ளிக்கூட வேலையால் நான் அவருக்கு டீச்சர்.

"முப்பது வருஷம் வாசிச்சவனுக்கு கையே இல்லியா டீச்சர்? முன்னங்கை ஒரசற எடம் பளபளன்னு கீது. வெரல் அழுத்தற மொத மூணு ஃப்ரெட்டுல வார்னிஷ் போவல. உப்புத்தாள்தான் வாசிச்சிருக்கு."

பின்பக்கம் திருப்பினார். "பெல்ட் பக்கிள் கீறினா தாறுமாறா கீறும். இது பூரா ஒரே பக்கம், ஒரே ஆழம். அரத்தால இழுத்திருக்கான்."

உட்கார்ந்து வாசிக்கும்போது தொடைமேல் அமரும் வளைவில், பெயிண்டைச் சுரண்டிய இடத்தில், புளியங்கொட்டை போலக் கறுப்பாக ஒரு மரக்கணு. "மறைக்க வேண்டிய எடத்தப் போயி தேச்சிருக்கான் பாரும்மா." அன்று முதல் எந்தக் கிட்டாரைப் பார்த்தாலும் என் கண் விளிம்புக்குத்தான் போகும். பிறகு மனிதர்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கினேன்.

அவருடைய கறுப்புக் கிட்டார் என்னுடைய கிட்டாரின் அதே வடிவம். எளிதில் தேயும் மெல்லிய என்.சி. பூச்சு, வியர்வை பட்டுப் பட்டு முன்கை படும் இடம் மரமாகிவிட்டிருந்தது. கறுப்பு எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அதை யாரையும் தொட விடமாட்டார். மங்கலம்பேட்டைக் கச்சேரியில் பந்திக்கும் தூக்கிக்கொண்டு வந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"அண்ணே, அதுக்கும் ஒரு எலை போடச் சொல்லட்டா?" என்றான் காசி. "அண்ணிய ஊட்ல உட்டுட்டு வர்றீங்க, இத உட மாட்றீங்க."

"அவளும் இதுக்குள்ளதான்டா கீறா. கழுத்துக்கு அடியில லூர்துன்னு செதுக்கி வெச்சிருக்கேன்."

எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்து, கட்டை என்று நாங்கள் சொல்லும் உடம்பின்மேல் நான்கு ஸ்க்ரூக்களில் நிற்பது. கழற்றினால்தான் கட்டையில் அந்த இடம் தெரியும்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா எதுக்கு ஒளிச்சி வெச்சன்னு சந்தேகப்படுவா. சாம்பார ஊத்துடா."

ஏழு ஆண்டுகளுக்கு முன் என் கிட்டாருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன். கெட்டியான பி.யு. பூச்சோடு திரும்பி வந்தது. "கடலூர் உப்புக்காத்துக்கு இதான் தாங்கும். தேயாது. அடிபட்டா சில்லு போவும், அவ்ளோதான்" என்றார். கையில் எடுத்தேன். எடை குறைந்திருந்தது. மீட்டிய நாதம் முன்னைவிட நீண்டு நின்றது. சந்தோஷப்பட்டிருக்கலாம். நான் கேட்டது வேறு.

"அண்ணே, கட்டை என்னுதுதானே?"

ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார். "சந்தேகம்னா ஸ்க்ரூவக் கழட்டிப் பாரு."

கோபம் என்று நினைத்தேன். கழற்றிப் பார்க்கவில்லை. ஆனால், பெயிண்டுக்குக் கொடுத்தால் கட்டையை மாற்றிவிடுகிறார் என்று காசியிடம் சொன்னேன். அது காசியோடு நிற்கவில்லை. கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் அவர் பட்டறைக்குக் கிட்டார்கள் வருவது நின்றுபோனது. அவர் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. அதையும் நான் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

காசி போன் செய்த அன்றே சிதம்பரம் போனேன். வீட்டில் அவர் தலைமாட்டில் ஒரு நாற்காலி, அதில் மாலை போட்ட கறுப்புக் கிட்டார். யாரோ பெரியவர் உட்கார நாற்காலி வேண்டியிருந்தது. "இதக் கொஞ்சம் புடி டீச்சர்" என்று லூர்து அண்ணி கிட்டாரை என் மடியில் வைத்தார். முதல்முறையாக அது என் கைக்கு வந்தது. என் விரல் தானாகவே தொடைமேல் அமரும் வளைவுக்குப் போனது. பூச்சு தேய்ந்து மரம் தெரிந்தது. அதில் புளியங்கொட்டை போல ஒரு கணு.

என்னுடைய கட்டை. மாட்டிக்கொண்டாய் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி நினைத்தேன். பின்பக்கம் திருப்பினேன். புதிதாக அடித்த கறுப்பின்மேல் கீறல்களெல்லாம் ஒரே பக்கம், ஒரே ஆழம். அரம். ஊரெல்லாம் பொய்த் தேய்மானத்தைக் கண்டுபிடித்தவர் தன் பழைய கிட்டார் போலவே தெரிய தானே உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுட்டியா? உன்னுதுல கழுத்து மாட்டற எடத்துல உள்ளார வெடிப்பாம். மேடையில புட்டுக்கும்னாரு. தன்னுத உனக்குக் குடுத்துட்டு, இத ஒட்டவெச்சி வாசிச்சாரு. சொல்லுய்யா டீச்சர்கிட்டன்னேன். 'சொன்னா வாங்காது. சொல்லாட்டி சந்தேகப்படும். பட்டுட்டுப் போவட்டும்'னாரு."

நம்ப விரும்பினேன். ஆனாலும் வழியெல்லாம், கடலூர் வரும்வரை, பஸ்ஸில் மனம் அரித்தது. கணவனை இழந்தவர் கணவனை நல்லவராகத்தானே சொல்வார்? என் மரமே அவருக்குப் பிடித்துப்போயிருக்கலாம் அல்லவா? வெடிப்பு இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? வீட்டுக்கு வந்து சிவப்புக் கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டபோதுதான் உறைத்தது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பார் என்று அவர் சொன்னது கோபம் அல்ல, பதில். அது அவர் கட்டை என்றால், உள்ளே லூர்து என்ற பெயரே சொல்லியிருக்கும். ஏழு ஆண்டுகளாக ஸ்க்ரூ டிரைவர் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை: ஒரு துடைக்கும் துணி, விளிம்பைத் தேடும் கண், இத்தனை வாசித்தும் தேயாத ஒரு சிவப்புப் பூச்சு. அதன் கீழே அவருடைய கட்டை இருக்கலாம். அவர் போன பிறகு மூன்று முறை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மூன்று முறையும் திரும்ப வைத்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அந்தக் கிட்டாரைக் கழற்றாமலே சிதம்பரம் கொண்டுபோகப் போகிறேன். எட்வின் அண்ணன் கட்டையை மாற்றுகிறார் என்ற பேச்சு என் வாயிலிருந்து கிளம்பியது, அதைச் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னாலும் முதலில் சொல்வேன். அதன்பிறகு ஸ்க்ரூ டிரைவரை அண்ணி கையில் கொடுப்பேன். உள்ளே அண்ணியின் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே ஒப்புக்கொண்டதை நான் திரும்பப் பெற முடியாது. அதற்காகத்தான் முதலில் ஒப்புக்கொள்வது, பிறகு திறப்பது என்ற இந்த வரிசை. இதைக் காசியிடமும் அண்ணியிடமும் இன்னும் சொல்லவில்லை.