அக்கா சாப்பிட்ட மிச்சச் சோறு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும், இரும்புலியூர் தெருக்காரர்களுக்கும், அக்காவோடு மதுக்கடை முன்னால் வெயிலில் உட்கார்ந்த பெண்களுக்கும் என் வணக்கம். சாப்பிட்டு எழுந்ததும் தாம்பூலப் பையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் இந்த நினைவு மலரை நீங்கள் பஸ்ஸில் ஒருமுறை புரட்டுவீர்கள், வீட்டுக்குப் போனதும் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிடுவீர்கள். நானும் மற்றவர்கள் வீட்டு மலர்களை அப்படித்தான் செய்திருக்கிறேன். இந்த ஒரு கட்டுரையை மட்டும் படித்துவிட்டு வையுங்கள். அக்காவின் கணவர், அதாவது என் மாமா, எதையும் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, இப்போது தெம்பும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது குரோம்பேட்டையில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை அவரை விடாது. ஆனால் அப்பாவுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. அதனால் குடிக்கிற மனிதனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதை எங்கள் வீட்டுப் பெண் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லாமல் போனது. பத்தாவது பாஸ் செய்த அக்காவை மேலே படிக்கவைக்க வீட்டில் வசதியில்லை. தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கப் போனார். அக்கா தைத்தார், தம்பி நான் படித்தேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து நான் ஓய்வுபெற்றதற்கு அந்தக் காலர்கள்தான் காரணம்.

மாமாவுக்கு லேத் பட்டறையில் வேலை. கை சுத்தம், வேலையில் பிசிறு இருக்காது. பெண் பார்க்க வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு கேசரியைச் சாப்பிட்டார். நல்ல பையன் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்லவர்தான். குடிக்காத நேரத்தில் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். குடித்தால் அடிப்பாரா என்று அந்த நாளில் உங்களில் பலர் என்னிடம் ஜாடையாகக் கேட்டிருக்கிறீர்கள். அடித்தார். தினமும் இல்லை, ஆனால் அடித்தார். இந்த வரியை அவரிடம் படித்துக் காட்டினேன். எடுக்க வேண்டாம் என்றார்.

எங்கள் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியவந்தது மதுக்கடைப் போராட்டத்தில்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே கடை இருந்தது. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் கீழே விழுந்து கிடப்பவர்களைத் தாண்டித் தாண்டி வர வேண்டும். அக்காவின் மகளும் ஒருநாள் அப்படித் தாண்டி வந்தாள். தாண்டிய பிறகுதான் அது அப்பா என்று பார்த்தாள். அதற்கு மறுநாள் அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவையும் கூட்டிக்கொண்டு, கடை ஷட்டருக்கு எதிரே ஒரு பாயை விரித்து உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்தப் பாயைச் சுற்றி இருந்தார்கள். மும்தாஜ் அக்கா வீட்டிலிருந்து அண்டாவில் டீ வந்தது. போலீஸ் வந்தது. அதிகாரிகள் வந்து ஆகட்டும் பார்க்கலாம் என்றார்கள். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு பல வருஷம் கேட்டோம்.

அந்தப் போராட்டத்துக்கு இன்னொருவரும் தவறாமல் வந்தார். தோளில் பை, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கூட்டத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் கையில் நோட்டீஸைத் திணித்துக்கொண்டு போவார். குடியை மறக்க வைக்கும் மூலிகைப் பொடி, நிறம் இல்லை, மணம் இல்லை, குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், ஒரே மண்டலத்தில் பலன். அதே வாசகத்தை நான் அப்போது தினமும் கிண்டி போன எலக்ட்ரிக் டிரெயினில், கதவுக்கு மேலே ஒட்டியிருக்கப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே மூலத்துக்கு ஒன்று, ஆண்மைக்கு ஒன்று. டிரெயினில் சிரிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது, நாங்கள் அதைப் படித்துச் சிரிப்போம். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரிக்கவில்லை. நோட்டீஸை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள். கடையை எப்போது மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பொடிக்காவது ஒரு மண்டலம் என்று கணக்குச் சொல்கிறான்.

கடைசியில் கடையை மூடினார்கள். தெருவே பட்டாசு வெடித்தது, அக்காவுக்கு மாலை போட்டார்கள். அந்தப் போட்டோதான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. போட்டோவில் அக்கா சிரிக்கவில்லையே என்று அச்சகத்துக்காரர் கேட்டார். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இடம் பார்த்தாகிவிட்டது என்று மாலை போட்ட அன்றே அக்காவின் காதுக்கு வந்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும். அடுத்த மாதமே அங்கே கடையைத் திறந்துவிட்டார்கள். மாமாவுக்கு நடை கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேயும் போய் உட்கார்ந்தார். பிறகு அங்கிருந்து அது நகர்ந்த இடத்திலும் உட்கார்ந்தார். முதலில் வந்த கூட்டத்தில் பாதி இரண்டாம் முறை வரவில்லை. மூன்றாம் முறை மும்தாஜ் அக்காவும் எங்கள் அக்காவும் மட்டும்தான்.

அந்த வருஷங்களில் எங்களில் யாருக்கும் தெரியாமல் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் மாமா எழுதச் சொன்னார்.

அக்காவின் உடம்பு கெட்டது மெல்ல மெல்லத்தான். கால் வீங்கியது. முகம் காலையில் உப்பியிருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டதாகச் சொன்னார்கள். டாக்டர் பொறுமையானவர். சர்க்கரை இல்லை, பிரஷரும் முன்பு இருந்ததில்லை, அப்புறம் எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாட்டு மருந்து, லேகியம், பொடி ஏதாவது சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றார் அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்து அவர் எந்த மருந்தும் சாப்பிடவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்த வாரம் மாமா குடியை விட்டார். இதற்குச் சாமி சத்தியம் எதுவும் நடக்கவில்லை. விடிவதற்கு முன் அக்காவை ஆட்டோவில் ஏற்றிப் போக வேண்டும், மெஷினில் போட்டபின் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும், திரும்பத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். மகள் கல்யாணமாகிக் கோவிலம்பாக்கத்தில் இருக்கிறாள், அவளுக்குக் கைக்குழந்தை. வேறு ஆள் இல்லை. குடியை விட்டதில் மாமாவுக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, இரண்டு முறை பெஞ்சிலிருந்தே கீழே விழுந்தார். ஆனாலும் போனார். அக்கா வாழ்க்கை முழுக்கக் கேட்டதை அக்காவின் வியாதி கேட்டபோது கொடுத்தார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒருநாள் மும்தாஜ் அக்கா பார்க்க வந்தார். நானும் மாமாவும் அங்கேயே இருந்தோம். கொஞ்ச நேரம் உடம்பைப் பற்றிப் பேசிவிட்டு, தன்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணின் வீட்டுக்காரன் ரொம்பக் குடிக்கிறான் என்று ஆரம்பித்தார். பிறகு, "நீ அண்ணனுக்குப் போட்டுனு இருந்தியே ஒரு பொடி, அதும் பேரு இன்னா?" என்று கேட்டார்.

அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா அக்காவைப் பார்த்தார். மறைத்து வைத்துப் பயனில்லாத வயதும் உடம்பும் ஆகிவிட்டதால் அக்கா சொன்னார். கடை முதலில் இருந்த நாளிலிருந்து, அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடமும், பிறகு தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையிலும் வாங்கி, மாமாவின் சோற்றில் மட்டும் கலந்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மண்டலம் முடிந்தால் இன்னொரு மண்டலம். வருஷக்கணக்கில். சில நாள் மாமாவுக்குக் குமட்டும், குழம்பு சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

அதற்கு மேல்தான் விஷயம். போதையில் வருகிற மனிதர் எவ்வளவு சாப்பிடுவார். இரண்டு வாய் தின்றுவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார். மருந்து கலந்த சோறு தட்டு நிறைய மிச்சம் இருக்கும். அதை மகளுக்குப் போட முடியாது. வெளியே வைத்தால் நாய் தின்னும், அதுவும் பாவம். கொட்டவும் மனம் வராது. அதனால் அக்கா அந்தத் தட்டிலேயே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார். எங்கள் அம்மாவும் அப்பாவின் தட்டில்தான் சாப்பிடுவார், எத்தனையோ வீட்டில் இன்றும் அப்படித்தான். ஆனால் எங்கள் அம்மாவின் தட்டில் பொடி இல்லை. மாமாவுக்கென்று வாங்கிய பொடியில் மாமா சாப்பிட்டது கொஞ்சம். பெரும்பங்கு அக்கா வயிற்றுக்குள் போனது.

"தூக்கிப் போட வேண்டியதுதான?" என்றார் மாமா.

"சோத்தையா?" என்றார் அக்கா.

மறுநாளே டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதனால்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பெயர் தெரியாத பொடிகளைச் சாப்பிட்டுக் கிட்னி கெட்டு வருபவர்களைப் பார்க்கிறேன் என்றார். வீட்டில் டப்பாவைத் தேடினோம். அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் பாதிப் பொட்டலம் கிடைத்தது. மேலே ஒரு சாமியாரின் படமும் மூலிகை இலையும் போட்டிருந்தது. உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஆளைப் பிடிக்கலாம் என்று நான் குதித்தேன். அதில் இருந்த நம்பருக்கு யாரும் எடுக்கவில்லை, மார்க்கெட் பக்கம் இருந்த கடையில் இப்போது செல்போனுக்குக் கவர் விற்கிறார்கள். நானும் ஓய்ந்துவிட்டேன்.

அக்கா மட்டும் கோபப்படவில்லை. ஒரு நாள் மெஷினில் படுத்திருக்கும்போது, கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மாமாவைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"பாத்தியாடா. பொடி வேல செஞ்சிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று வரை வரவில்லை.

கடைசி நாட்களில் அக்காவுக்குத் தண்ணீர்தான் பெரிய ஏக்கம். நாளுக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன அளவை மாமா ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பார். அக்கா அதை நாக்கில் நனைத்து நனைத்து இறக்குவார். உப்பு கூடாது, கருவாடு கூடாது, மாம்பழம் கூடாது. அக்காவுக்குப் பிடித்தது எல்லாம் அந்தக் கூடாத பட்டியலில் இருந்தது. போன வருஷம் இதே மாதத்தில் ஒரு விடியற்காலை, ஆட்டோ வாசலில் வந்து நின்ற பிறகு, இன்றைக்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஆட்டோக்காரரும் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார்.

நன்றி சொல்ல வேண்டும். அந்த ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. டயாலிசிஸ் வார்டில் அக்காவைக் கடைசி வரை 'அம்மா' என்று கூப்பிட்ட நர்ஸ்களுக்கு நன்றி. தினமும் கஞ்சி கொண்டுவந்த மும்தாஜ் அக்காவுக்கு நன்றி. அந்தப் பொடியின் பெயரைக் கேட்டது தன் தவறு என்று அவர் இன்னும் அழுகிறார். மும்தாஜ் அக்கா, அழாதீர்கள். நீங்கள் கேட்டதால்தான் தெரிந்தது, உங்களோடு வேலை செய்கிற பெண்ணும் வாங்காமல் தப்பித்தாள். இதைப் படிக்கிற உங்களில் யார் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் அப்படி ஒரு பொட்டலம் இருக்கிறதோ, வீட்டுக்குப் போனதும் எடுத்துக் கொட்டிவிடுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் அந்தச் சோற்றையும் கொட்டுங்கள். பாவம் வந்தால் அது எங்கள் தலையில் வரட்டும். குடிப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், வரமாட்டேன் என்பார்கள், மறுபடி கூப்பிடுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மாமாவுக்கு நன்றி சொல்வதா என்று எனக்குப் பல நாளாகக் குழப்பம். அதனால் பார்த்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் அக்கா படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்தோம். கருவாட்டுக் குழம்பு, மாம்பழம், உப்புப் போட்ட மோர், பெரிய செம்பு நிறையத் தண்ணீர். கற்பூரம் காட்டியதும் படையலைப் பிசைந்து ஆளுக்கொரு கவளம் தருவதுதான் எங்கள் வழக்கம். எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். மாமா இலைக்கு முன்னால் உட்கார்ந்து தானே சாப்பிட ஆரம்பித்தார். பெரியவர் ஒருவர், எங்களுக்கும் கொடுப்பா என்றார்.

"இது அவ மிச்சம்," என்றார் மாமா. "நான்தான் துண்ணணும்."

கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். செம்பிலிருந்த தண்ணீரை மட்டும் தொடவில்லை. அதை எடுத்து அக்கா படத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.